நாலு கதவும் ஒரு சாண் கேபிளும்

விழுப்புரம் பக்கத்தில் ஒத்துக்கொண்டான்பட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை போய்வந்தவர்கள் வழி மறந்துவிட்டது என்பார்கள். போகாதவர்கள், "அங்க உங்களுக்கு என்னா வேலை?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனாலும் ஊர் இருக்கிறது. மாரியம்மன் கோயில் இருக்கிறது, கோயிலுக்குப் பின்னால் சாமான் கொட்டகை இருக்கிறது, கொட்டகையின் நடுவில் மூன்று கல்லின்மேல் ஊரின் பித்தளை அண்டாவும் ஒரு காலத்தில் இருந்தது.

அந்த ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பஞ்சாயத்து கூடினால் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் யோசிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒன்றாக யோசித்தால் யோசனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இரண்டுமே கெட்டுவிடும் என்று முன்னோர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். யோசித்தவர் முடித்ததும் பக்கத்து ஆளின் தொடையில் தட்டுவார். அவர் கண்ணைத் திறந்து, முதலிலிருந்து யோசிக்கத் தொடங்குவார். சில பஞ்சாயத்துகளில் தொடையில் தட்ட வேண்டியவரே தூங்கிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட வழக்குகள் நல்லபடியாகத் தீர்ந்ததாகவே ஊரில் பேச்சு.

அண்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற அன்று ஊருக்கே அதில்தான் காய்ச்சுவார்கள். அதன் காவல் பொன்னுரங்கத்தின் பொறுப்பு. காவலுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக, கூழில் முதல் துடுப்பு போட்டுக் கிண்டுகிற உரிமை அவருக்கு. பொன்னுரங்கத்துக்கு உலகத்தில் வேறு பெருமை எதுவும் இல்லை. நிலம் சுமார், மாடு சுமார், வீட்டில் மரியாதையும் சுமார். ஆடியில் அந்த ஒரு நாள் மட்டும் ஊர் மொத்தமும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும். மிச்ச வருஷத்தை அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓட்டினார்.

காவலில் அண்டா தொலைந்தால் துடுப்பு கைமாறிவிடும் என்பது ஊர்க் கட்டு. மாறினால் அது அவர் மனைவி பச்சையம்மாளின் தம்பி சிங்காரவேலுவுக்குப் போகும். சிங்காரவேலு நல்ல பிள்ளைதான். ஒருமுறை கரண்டு அடித்துப் பிழைத்தவன் என்பதால் ஊரின் கரண்டு விவகாரமெல்லாம் அவன் பார்வையில் இருந்தது. மாமாவிடம் உயிரையே வைத்திருந்தான். ஆனால் அவன் தன் கொல்லையில் தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காற்றைக் கிண்டிப் பழகுவதைப் பொன்னுரங்கம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு, அந்த வருஷம் கொட்டகையில் சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் ஜல்லிக்கரண்டி, அப்புறம் ஒரு அன்னக்கூடை, அப்புறம் அண்டாவின் மூடி.

கொட்டகைக்கு நாலு கதவு. கட்டும்போது நாலு தெருக்காரர்களும் வாசல் தங்கள் தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் நாலு பக்கமும் வைத்துவிட்டார்கள். பூட்டு ஒன்றுதான். பொன்னுரங்கம் நேர்மையான மனுஷர். எந்தத் தெருவுக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் இன்று கிழக்குக் கதவு, நாளைக்குத் தெற்குக் கதவு என்று பூட்டை முறைவைத்து மாற்றுவார். திருடன் ஒவ்வொரு தடவையும் பூட்டு இல்லாத கதவாகப் பார்த்து வந்தது எப்படி என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"மந்திரம் தெரிஞ்சவனா இருப்பான்" என்றார் கோயில் தர்மகர்த்தாவும் பஞ்சாயத்துத் தலைவருமான கோதண்டம். "இல்லேன்னா பூட்டின கதவை விட்டுட்டுப் பூட்டாத கதவுக்குக் கரெக்டா வருவானா?"

பஞ்சாயத்து கூடியது. முறைப்படி கண்ணை மூடி, முறைப்படி திறந்து, கடைசியில் கேமரா வாங்குவது என்று முடிவாயிற்று. கோதண்டம், பொன்னுரங்கம், சிங்காரவேலு மூவரும் கிளம்பினார்கள். கூடவே எத்திராசும் போனார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் ஊரில் படித்தவர் அவர்தான். கண்ணாடி அவருடைய மாமனாருடையது.

டவுனில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த ஜாபர் பாய் பொறுமைசாலி. வீட்டுக்கும் கடைக்கும் மாட்டுகிற சாதாரண கேமராவைத்தான் முதலில் காட்டினார். கோதண்டத்தின் பார்வையோ கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஒரு பச்சைப் பலகைமேல் விழுந்துவிட்டது. உள்ளங்கை அகலம், அதன் விளிம்புகளில் நாலு சின்ன வாய்.

"அது என்னா பாய்?"

"அது காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வாங்கறது பெரியவரே. கொட்டகைக்குச் சரிப்படாது."

"சும்மா சொல்லுங்க, தெரிஞ்சிக்கிறோம்."

பாய் பலகையை வெளியே எடுத்தார். பக்கத்தில் சீட்டுக்கட்டு அளவில் இன்னொரு பெட்டியை வைத்தார். "இது சின்ன கம்ப்யூட்டர். இதுல கேமரா மாட்ட ஒரே ஒரு வாய்தான் இருக்குது. நாலு கேமரா வேணும்னா என்ன பண்றது? அதுக்குத்தான் இந்தப் பலகை. நாலு கேமராவையும் பலகையில மாட்டு, பலகையைக் கம்ப்யூட்டர்ல மாட்டு. கம்ப்யூட்டருக்கு எப்பவும் ஒரே கேமரா இருக்கிற மாதிரிதான் தெரியும். பலகை உள்ளுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்டே இருக்கும். எது பார்க்குதோ அதுக்கு நேரா இங்க பச்சை விளக்கு எரியும். ஆனா ஒண்ணு. ஒரு நேரத்துல ஒரு கேமராதான் முழிச்சிருக்கும். மத்த மூணும் தூங்கும்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு கண்ணுக்கு ஒரே மூளை. அதுவும் முறை வெச்சு" என்றார். "நம்ம பஞ்சாயத்தைப் பார்த்துத்தான் எவனோ செஞ்சிருக்கான். இதையே கொடுங்க பாய்."

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஜாதியா அவர்கள்? கடைசியில் மனசு கேட்காமல், படம் பதிவாகிற மாதிரி எல்லாவற்றையும் தானே தயார் செய்து, பார்க்க ஒரு சின்ன டிவியும் சேர்த்துக் கொடுத்து, நாலு விஷயம் சொன்னார். "கேமராவை ஒவ்வொரு கதவையும் பார்க்கிற மாதிரி வையுங்க. கேபிளை மாட்டறப்ப கரண்டு இருக்கக் கூடாது. இந்தப் பட்டைக் கேபிள் ஒரு சாண்தான், இழுத்தா போச்சு, ஒட்டுப் போட்டு நீட்டவும் முடியாது. நாலாவது, நாளைக்கு ஏதாவது தகராறு வந்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மனுஷன் கண்ணு பொய் சொல்லும், கேமரா பொய் சொல்லாது. கேமரா காட்டறதை மட்டும் நம்புங்க."

நாலையும் ஒரே தலையில் ஏற்றினால் தாங்காது என்பதால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். கோதண்டம் கதவை எடுத்துக்கொண்டார். சிங்காரவேலு கரண்டு. பொன்னுரங்கத்துக்கு ஒரு சாண். எத்திராசுக்குக் கேமரா பொய் சொல்லாது. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவரவர் பாடத்தை அவரவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் என்று நினைத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

வந்த உடனே மாட்டியிருக்கலாம். சிங்காரவேலு விடவில்லை. "கேபிளை மாட்டறப்ப கரண்டு இருக்கக் கூடாது. இப்ப இருக்குது. போனதும் மாட்டலாம்" என்றான்.

பெட்டியை இன்னும் பிளக்கில் சொருகவே இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கொட்டகையில் உட்கார்ந்து கரண்டு போவதற்காகக் காத்திருந்தார்கள். வழக்கமாகக் காக்கா கத்தினால்கூடப் போய்விடுகிற கரண்டு அந்த வாரம் பார்த்துப் போகவே இல்லை. பொன்னுரங்கத்துக்குப் பல்பையே பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் லைன்மேனிடம் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"ஐயா, எங்க ஊருக்குக் கொஞ்சம் கரண்டை நிறுத்தித் தரணும்."

லைன்மேன் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். போன மாதம் கரண்டு போனதற்குத் திட்டிவிட்டுப் போனவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். தன்னைக் குத்திக் காட்டுகிறார்கள் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் கம்பத்துக்குக் கம்பம் ஏறிப் பார்த்து, ஒரு நொடிகூடக் கரண்டு நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஊரில் அரிசி ஆலைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

ஒருவழியாகக் காற்றும் மழையும் வந்து ஒரு முருங்கைக் கிளை கம்பியில் விழுந்தது. ஊரே இருட்டானது. "ஓடியாங்க, ஓடியாங்க" என்று கொட்டகைக்கு ஓடி, இருட்டில் தடவித் தடவி மாட்டி முடித்தார்கள். சரியாகத்தான் மாட்டியிருந்தார்கள். எப்படி என்று கேட்டால் அம்மன் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கரண்டு வந்ததும் டிவியில் படம் தெரிந்தது. கொட்டகையில் பிளக் இருந்தது ஒரு மூலையில் மட்டும். கேபிள் ஒரு சாண் என்பதால் நாலு கேமராவும் அந்த மூலையில் பலகையை ஒட்டியே உட்கார்ந்திருந்தன. மூலையிலிருந்து பார்த்தால் நடுவில் இருக்கிற அண்டாதான் கண்ணை மறைத்தது. ஒன்றாம் கேமரா அண்டாவைக் காட்டியது. பச்சை விளக்கு மாறியது, இரண்டாவதும் அண்டாவைக் காட்டியது. மூன்றாவது அண்டா. நாலாவது அண்டாவின் காது.

பொன்னுரங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எந்த நேரமும் அண்டா கண்ணெதிரே. இதைவிட என்ன வேண்டும்?

கோதண்டம் முகத்தைச் சுளித்தார். "இது சரியில்லையே. பாய் என்னா சொன்னாரு? கதவைப் பார்க்கிற மாதிரி வையுங்கன்னாரு. அண்டாவைப் பாருங்கன்னாரா?"

"அண்டாதானே தலைவரே நமக்கு முக்கியம்" என்றார் பொன்னுரங்கம்.

"அண்டாவைத்தான் நாம தினமும் பார்க்கறோமே. அதைப் பார்க்கக் கேமரா எதுக்கு? கதவு தெரியணும்."

"அப்ப கேமராவைக் கதவுகிட்ட கொண்டுபோகலாம்" என்றார் எத்திராசு.

இப்போது பொன்னுரங்கத்தின் பாடம் குறுக்கே வந்தது. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல்தான் சொன்னார். தன்னை நம்பி ஒப்படைத்த பாடத்தை மறைக்க முடியுமா? "கேபிள் ஒரு சாண். இழுத்தா போச்சு."

எல்லாரும் சாண் போட்டு அளந்து பார்த்தார்கள். யார் கையால் அளந்தாலும் ஒரு சாண்தான் இருந்தது. கதவு எங்கே, கேபிள் எங்கே. அந்த இடத்திலேயே பஞ்சாயத்து உட்கார்ந்தது. கோதண்டம் யோசித்துவிட்டுத் தட்டினார், எத்திராசு யோசித்துவிட்டுத் தட்டினார், பொன்னுரங்கம் அண்டாவை நினைத்துக்கொண்டே தட்டினார். கடைசியாகச் சிங்காரவேலு கண்ணைத் திறந்தான்.

"கேமரா கதவுகிட்ட போவ முடியாது. சரி. கதவு கேமராகிட்ட வரலாமில்ல? கதவுக்குக் கேபிளா இருக்குது?"

கோதண்டம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பொன்னுரங்கத்துக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு மூளை இருக்கிறவனிடம் துடுப்பு ஒருநாள் போய்த்தான் தீரும் என்று தோன்றியது.

மறுநாள் காலை நாலு கதவையும் கீலோடு கழற்றினார்கள். மூலைக்குச் சுமந்து வந்து, பலகையைச் சுற்றிச் செங்கல் முட்டுக்கொடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். கேமரா ஒன்றுக்கு எதிரே ஒரு கதவு. டிவியில் இப்போது கிழக்குக் கதவு, தெற்குக் கதவு, மேற்குக் கதவு, வடக்குக் கதவு என்று துல்லியமாக மாறி மாறித் தெரிந்தன. கதவுகள் மறைத்ததால் அண்டா தெரியவில்லை. அதனால் குழப்பமும் இல்லை. இன்னொரு லாபமும் கிடைத்தது. நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒரே சங்கிலி கோத்து ஒரே பூட்டில் பூட்டிவிட முடிந்தது. இத்தனை வருஷமாக இது தோன்றவில்லையே என்று கோதண்டம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

புருஷனுக்குக் கஞ்சி கொண்டு வந்து, தம்பிக்கும் சேர்த்து ஊற்றிய பச்சையம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "காத்து நல்லா வருது" என்றாள்.

பொன்னுரங்கத்துக்கு அந்தக் காற்றுதான் உறுத்தியது. "தலைவரே, கதவு இருந்த இடம் இப்போ ஓட்டையா இருக்குதே."

"கதவு இருக்கிற இடத்துலதான் திருடன் திறப்பான். கதவே இல்லாத இடத்துல எதைத் திறப்பான்?" என்றார் கோதண்டம். பொன்னுரங்கம் மூலைக்குப் போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கவலைதான் மிச்சம். ஒரு கேமரா பார்க்கும்போது மற்ற மூன்றும் தூங்குகின்றன. தூங்குகிற கேமராவின் கதவுக்குத் திருடன் வந்துவிட்டால்? எத்திராசு ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார். "இப்போது இந்தக் கதவுதான் பார்க்கப்படுகிறது. திருட வருபவர்கள் இந்தக் கதவு வழியாக மட்டும் வரவும். இப்படிக்கு, கோயில் நிர்வாகம்." பச்சை விளக்கு மாற மாற அட்டையைக் கதவு மாற்றிக் கதவு மாட்டுவது சிங்காரவேலுவின் வேலை. தூங்குகிற கேமராக்கள் விழித்துவிடாமல் இருக்க எல்லாரும் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டார்கள். கொட்டகைக்குள் நுழைந்த ஆடுகளை மட்டும் அடக்க முடியவில்லை.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. ஒரு மத்தியானம் மினி லாரி ஒன்று கொட்டகை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பேச்சு வெல்லம். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறவன். அண்டா இருக்குதாமே?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். கதவில்லாத நாலு வாசலைப் பார்த்தார். மூலையில் பூட்டி நிற்கிற நாலு கதவைப் பார்த்தார். அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"நான் அந்தக் கதவு வழியாத்தான் வரணுங்களா?"

"நீங்க திருட வந்தீங்களா?" என்று கேட்டார் கோதண்டம்.

"சேச்சே. ஈயம் பூச வந்தேன்."

"அப்ப இந்தப் பக்கமாவே வாங்க. அந்தக் கதவு திருடனுக்கு."

வந்தவர் அண்டாவைத் தட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "களிம்பு ஏறிக் கிடக்குதே சாமி. இப்ப ஈயம் பூசலைன்னா ஓட்டை விழுந்துடும். கூழ் மொத்தமும் ஒழுகிடும். கொடுத்தீங்கன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள தங்கமாட்டம் கொண்டாந்து வெச்சிடறேன்."

ஒழுகிடும் என்ற வார்த்தை பொன்னுரங்கத்தைக் குடைந்தது. ஊரே பார்க்க, துடுப்பைப் போடும் நேரத்தில் அண்டா ஒழுகினால் என்ன கதி? நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அண்டாவைத் தூக்கினார்கள். தெற்கு வாசல் வழியாகக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது, "கதவுப் பக்கம் இடிச்சிடாதீங்க, கேமரா இருக்குது" என்று கோதண்டம் எச்சரித்தார். கட்டக் கயிறு இல்லை என்றார் வந்தவர். பொன்னுரங்கம் தன் மாட்டின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியது. சிங்காரவேலு அட்டையை மேற்குக் கதவுக்கு மாற்றப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம்வரை அண்டா வரவில்லை. பொன்னுரங்கம் கொட்டகைக்குள் போய் அந்த மூன்று கல்லையும் பார்த்தார். கல் மட்டும்தான் இருந்தது. நாளைக்கு ஊர் கூடும், கட்டுப்படி துடுப்பைக் கேட்கும், கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அந்த மனுஷர் மூன்று கல்லுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து தேம்பி அழுதார். சிங்காரவேலுவும் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதான். அழும்போதும் அவனுடைய வலது கை தன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து கூடியது. "அண்டா தொலைஞ்சா துடுப்பு கைமாறணும். அது கட்டு" என்றார் கோதண்டம். "ஆனா தொலைஞ்சுதான்னு முதல்ல தெரியணும். கேமராவைப் போடுங்க."

பதிவானதை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கிழக்குக் கதவு மூடியிருந்தது. தெற்குக் கதவு மூடியிருந்தது. மேற்குக் கதவில் ஒரு பல்லி. வடக்குக் கதவு மூடியிருந்தது. மறுபடி கிழக்கு. பார்க்கப் பார்க்க ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு ஆளும் வரவில்லை. சிங்காரவேலுவின் கை அட்டையோடு வந்து வந்து போனது, அவ்வளவுதான்.

"ஒரு கதவு வழியாவும் அண்டா வெளியே போவலையே" என்றார் கோதண்டம்.

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் துடுப்பே போனாலும் அம்மன் சன்னதியில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தலைவரே, நாமதானே தூக்கி வண்டியில ஏத்தினோம். என் தோள்பட்டை இன்னும் வலிக்குது."

"எனக்கும்தான் இடுப்பு வலிக்குது. ஆனா கேமராவுல இருக்குதா?"

"இல்லை."

எத்திராசு எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பஸ்ஸில் முணுமுணுத்ததிலிருந்து அவர் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. "மனுஷன் கண்ணு பொய் சொல்லும், கேமரா பொய் சொல்லாது. கேமரா காட்டறதை மட்டும் நம்புங்க. பாய் சொன்னது. நம்ம நாலு பேர் கண்ணும் சேர்ந்து பொய் சொல்லியிருக்குது. அண்டா உள்ளேதான் இருக்குது."

"அப்ப ஏன் தெரியலை?" என்று கேட்டான் சிங்காரவேலு.

"பொய் சொல்ற கண்ணால பார்த்தா எப்படித் தெரியும்?"

அண்டா தொலையவில்லை என்று தீர்ப்பானது. துடுப்பு பொன்னுரங்கத்திடமே இருக்கும். அவர் எத்திராசின் காலில் விழப் போனார். கண்ணாடி விழுந்துவிடும் என்று எத்திராசு நகர்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பம்பை உடுக்கையோடு ஊர் கூடியது. மற்ற வருஷங்களில் அண்டாவைத் தூக்கிக் கோயில் வாசலில் வைப்பார்கள். இந்த வருஷம், தெரியாத அண்டாவைத் தூக்கி எங்கேயாவது வைத்துவிட்டால் அப்புறம் தேட முடியாது என்பதால் கொட்டகைக்குள்ளேயே காய்ச்சுவதாக ஏற்பாடு. மூன்று கல்லுக்கு நடுவில் விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்து கல்லுக்கு மேலே ஊற்றினார்கள். தீ அணைந்தது.

"குளிர்ச்சிதான் அம்மனுக்கு உகந்தது" என்றார் கோதண்டம்.

அடுத்து நொய்க்கஞ்சி போனது, அதற்கடுத்துக் கேழ்வரகுக் கரைசல் போனது. பொன்னுரங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டு, துடுப்பை இரண்டு கையாலும் தூக்கி நடுக்காற்றில் இறக்கினார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தது. வலமாக மூன்று சுற்று. அடிபிடிக்காமல் இருக்க அவர் ஓரத்தையும் வழித்துக் கிண்டினார். கண்ணில் நீர் வழிந்தது. இவ்வளவு லேசாகத் துடுப்பு ஓடியது எந்த வருஷமும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். சிங்காரவேலு மட்டும் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, "மாமா என்னை மாதிரியே கிண்டறாரு" என்று அக்காவிடம் சொன்னான்.

அதற்குள் பச்சையம்மாளின் கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். கூழ் நாலு வாசல் வழியாகவும் நாலு தெருவுக்கும் பாரபட்சம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆடுகள் வரிசை கட்டி நின்றன.

"கூழ் வெளிய போவுது. கதவைச் சாத்துங்க" என்றார் கோதண்டம்.

எத்திராசு மூலைக்கு ஓடினார். பூட்டை இழுத்துப் பார்த்தார், டிவியையும் ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். "நாலும் சாத்தித்தான் இருக்குது தலைவரே. ஒரு கதவு வழியாவும் கூழ் போவலை."

"அப்ப அண்டாதான் ஒழுகுது" என்றார் கோதண்டம்.

பொன்னுரங்கம் துடுப்பை நிறுத்தினார். வேதனையோடு தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு அந்த ஈயம் பூசறவரு வந்து எவ்வளவு எடுத்துச் சொன்னாரு. அப்பவே அண்டாவை அவர்கிட்டக் கொடுத்தனுப்பியிருந்தா இன்னிக்கு இப்படி ஒழுகுமா?"

ஊர் மொத்தமும் ஒத்துக்கொண்டது. அடுத்த தடவை அவர் வந்தால் சும்மா அனுப்பக் கூடாது, தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்து, வழிக்குத் தேவைப்படும் என்று ஒரு மாட்டுக் கயிற்றையும் எடுத்து வைத்தார்கள்.